சித்தப்பாவின் மஞ்சள் லோக்கல் (குழு: செம்பூர் குடும்பம்)

ஞாயிறு

காலை 7:52
சித்தப்பா (செம்பூர்): [4 படங்கள்]
எல்லோருக்கும் வணக்கம். நேற்று பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். இந்த நான்கு படத்திலும் இருப்பது பம்பாய் ஹார்பர் லைனில் ஓடிய பழைய டிசி லோக்கல் ரயிலின் ஒரே மோட்டர் கோச், அதாவது மோட்டர் உள்ள பெட்டி. நம்பரை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். 1999, 2003, 2009, 2015.

7:58
அத்தை (நெருள்): ஐயோ, நம்ம பழைய ஹார்பர் வண்டி! அந்த மஞ்சளும் பழுப்பும் பார்த்து எத்தனை நாளாயிற்று.

8:03
அண்ணா (புனே): ஒரே வண்டியா சித்தப்பா? முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் தனித்தனியாகக் காட்டியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

8:10
சித்தப்பா: நானும்தான் நம்பவில்லை. பதினாறு வருடமும் அதே லைனில்தான் வேலைக்குப் போய் வந்தேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நேற்று தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 1999இல் பெயிண்ட் புதுசு. 2003இல் இடது கன்னத்தில் ஒரு நெளிசல். 2009இல் அந்த நெளிசல் மேலேயே பூசி மறைத்திருக்கிறார்கள், பக்கவாட்டில் முழுக்க விளம்பரம். 2015 படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வாசல் படிக்குக் கீழே தகடு துருவேறி, காகிதம் மாதிரி இதழ் இதழாகப் பிரிந்து நிற்கிறது.

8:14
குட்டி: சித்தப்பா, இதை ஏன் டிசி வண்டி என்கிறீர்கள்? ஏசி லோக்கலுக்கு எதிர்ப்பதமா?

8:21
சித்தப்பா: இல்லை கண்ணா. நீ சொல்வது குளிர்சாதன வண்டி, அது 2017 கிறிஸ்துமஸ் அன்று வெஸ்டர்ன் லைனில் வந்தது. நான் சொல்வது மேலே கம்பியில் ஓடும் மின்சாரம். பம்பாயில் 1925 பிப்ரவரி 3இல் முதல் மின்சார ரயில் ஓடியது. விக்டோரியா டெர்மினஸ் (வி.டி.) ஸ்டேஷனிலிருந்து குர்லா வரை, நம்ம ஹார்பர் லைனில்தான். அன்றிலிருந்து 1500 வோல்ட் நேர்மின்சாரம், அதுதான் டிசி. இப்போது 25,000 வோல்ட் மாறுமின்சாரம். வோல்ட் குறைந்தால் அதே பலத்துக்கு ஆம்பியர் ஏற வேண்டும். அதற்குத் தடிமனான கம்பி வேண்டும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு சப்ஸ்டேஷன் வேண்டும். வண்டி நீளமாகி, கூட்டமும் கூடக்கூட அது தாங்கவில்லை.

8:23
சித்தப்பா: பழைய வண்டியில் இன்னொரு சங்கதி. கிளம்பும்போது மின்சாரத்தை ரெசிஸ்டன்ஸ் வழியாக விட்டு, படிப்படியாக அதைக் கழற்றிக்கொண்டே வேகம் எடுப்பார்கள். காலடியில் டக், டக், டக் என்று கேட்குமே, அதுதான். அந்த நேரத்தில் ஒரு பகுதி மின்சாரம் வெறும் சூடாகப் போய்விடும். புது வண்டி பிரேக் போடும்போதே மின்சாரம் உண்டாக்கிக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதை நினைத்தால் பழசு போனதில் எனக்குக் கோபமே இல்லை.

8:30
அத்தை: அந்த டக் டக் எனக்குக் கேட்கிறதுடா. காட்டன் கிரீன் ஸ்டேஷன் தாண்டினதும் தூக்கம் வரும். அந்தச் சத்தத்திலேயே ஸ்டேஷன் விட்டுக் கிளம்பியாயிற்று என்று கண்ணைத் திறக்காமலே தெரியும்.

8:34
அண்ணா: இடையில் படங்கள் கம்மியாக இருக்கிறதே? 2003க்கு அப்புறம் நேரே 2009?

8:41
சித்தப்பா: 2005 ஜூலை 26. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது நாம் கீழ்த்தளம். நெகட்டிவ் எல்லாம் மரப் பீரோவின் கடைசித் தட்டில். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. உரித்தால் படலம் கையோடு வந்துவிடும். ஏழு வருடத்துப் படத்தில் பதினொரு ரோல்தான் தேறியது. அதன் பிறகு மூன்று நாலு வருடம் கேமராவைத் தொடவே மனம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான், 2007 நவம்பரில், வெள்ளையும் ஊதாவுமாகப் புது சீமென்ஸ் வண்டி வந்தது. அது ஓட ஆரம்பித்ததை நான் படம் எடுக்கவே இல்லை. இன்றும் வருத்தம்.

8:44
குட்டி: 😢

8:52
சித்தப்பா: வெஸ்டர்னில் 2012 பிப்ரவரியில் டிசி முடிந்தது. சென்ட்ரல் மெயின் லைனில் 2015 ஜூனில். ஹார்பர் மட்டும் மிச்சம். அப்போதுதான் மறுபடி வெறி பிடித்தது. சனி, ஞாயிறு காலையில் மான்குர்ட் பக்கம் போய் நிற்பேன். காலை வெயில் பன்வேல் போகிற வண்டியின் முகத்தில்தான் விழும். வி.டி. போகிற வண்டிக்கு முகம் இருட்டு. கடற்கழி ஓரத்துச் சதுப்பு மரங்களின் பச்சைக்கு முன்னால் அந்த மஞ்சள் வந்து நிற்கும் பாருங்கள், அழுக்கெல்லாம் கண்ணில் படாது.

8:55
அண்ணா: கடைசி ஓட்டத்துக்குப் போனீர்களே?

9:06
சித்தப்பா: 2016 ஏப்ரல் 9, சனிக்கிழமை ராத்திரி. குர்லாவிலிருந்து வி.டி. 91 வருடம் ஓடியது அன்றோடு முடிந்தது. மாலை போட்டிருந்தார்கள், எங்கே பார்த்தாலும் கேமரா. நான் அறுபது, எழுபது படம் எடுத்திருப்பேன். நேற்று பார்த்தேன், ஒன்றும் உருப்படியாக இல்லை. எல்லாம் பூமாலையும் தலைகளும். வண்டி எங்கே? 1999இல் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த படத்தில் இருக்கிற வண்டி இதில் இல்லை.

9:12
அத்தை: ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் இருபத்திரண்டு வருடம் லேடீஸ் டப்பாவில், அதான் பெண்கள் பெட்டியில், போனேன். நீ அனுப்பினதில் எல்லாமே வண்டியின் மூஞ்சிதான். உள்ளே எடுத்த படம் ஒன்று கூடவா இல்லை? கீரை ஆய்ந்துகொண்டு வருவார்களே, மெழுகு மாதிரி வழவழத்துப்போன மர பெஞ்ச், ஜன்னல் கம்பி, அதெல்லாம்?

9:25
சித்தப்பா: இல்லை அக்கா. ஒன்று கூட இல்லை. ரோலில் 36 படம்தான், உள்ளே எதற்கு வீணாக்குவது என்று நினைத்தேன். மேலே பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகள் காலி வண்டியில் எல்லாம் ஒரே சாய்மானமாகச் சாய்ந்து, வளைவில் ஒன்றாகத் தட்டும். ராத்திரி கடைசி வண்டியில் எத்தனையோ தடவை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேமரா மடியில்தான் இருந்தது.

9:31
சித்தப்பா: குட்டி, நீ தினமும் போகிறது அந்த ஊதா வண்டியில்தானே? லோக்கல் டப்பாவுக்கு 25 வருடம்தான் ஆயுள் கணக்கு. 2007ஐக் கூட்டிப் பார். இப்போதே எடுக்க ஆரம்பி. கூட்டம் இல்லாத நேரத்தில், உள்ளே. சீட், கைப்பிடி, கூரையில் காற்று வரும் துளை, கதவு ஓரம் தேய்ந்த பெயிண்ட். ஒரே நம்பர் டப்பாவை விடாமல் பிடி. தேதியை மட்டும் எழுதி வை. வாசலில் தொங்கி எடுக்காதே, அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

9:34
குட்டி: சரி சித்தப்பா. நாளை 7:40 வண்டியில் நம்பர் குறித்துக்கொள்கிறேன். லேடீஸ் டப்பா, அத்தைக்காக.

9:36
அத்தை: கீரை ஆய்கிறவர்களைக் கேட்டுவிட்டு எடு.

9:41
அண்ணா: சித்தப்பா, தேறிய பதினொரு ரோலையும் கையால் தொடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை ஸ்கேனரோடு வருகிறேன். பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்ற வேண்டாம், அங்கே மழைக்கு ஒழுகும்.

9:43
சித்தப்பா: ஏற்றவில்லை. கட்டில் மேல்தான் இருக்கிறது. நான் கீழே படுத்துக்கொள்கிறேன்.