சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்துவிட்டு பைபாஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டவுன் பஸ்ஸை இடது பக்கமாக முந்திக்கொண்டு வந்த ஒரு வேன், ஓரமாக சைக்கிளில் போனவரை அடித்துவிட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். வேன் முந்த ஆரம்பித்ததிலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரியே போலீஸில் அப்படித்தான் சொன்னேன்.

சம்மன் வந்தது 2024இல். டவாலி மூன்று தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே சொன்னேன். அப்புறம் குறுக்கு விசாரணை. டிரைவர் தரப்பு வக்கீல் மிரட்டவே இல்லை. "டீச்சரம்மா" என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

"கார்த்திகை மாசம், ஆறரை மணி, இருட்டியிருக்கும் இல்லையாம்மா?" ஆமாம்.
"பஸ் வருதான்னு பார்த்துட்டு நின்னீங்க?" ஆமாம்.
"டமார்னு சத்தம் கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க?" ஆமாம்.
"நீங்களும் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முதல் மூன்றும் உண்மை, அதனால் நாலாவதற்கும் வாய் தானாக அதையே சொல்லிவிட்டது. வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் புரியாத பிள்ளையும் சேர்ந்து "புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லுமே, அதேதான் எனக்கும் நடந்தது. சொன்ன மறு நொடியே தப்பு என்று தெரிந்தது. ஆனால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், எத்தனை அடி தூரம், தெருவிளக்கு எரிந்ததா என்று. இடையில் புகுந்து திருத்தலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அரசு வக்கீல் திரும்பக் கேட்கும் மறு விசாரணையும் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

டிரைவர் விடுதலை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து. என் ஒரு பதிலால் மட்டுமா என்று சொல்ல முடியாது. ஆனால் பின் பெஞ்சில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார், நான் இறங்கி வரும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது அந்தச் சாயங்காலத்தை நினைத்தால், சத்தம் கேட்டுத் திரும்புவது மாதிரியே ஒரு காட்சி வருகிறது, அது நிஜமா அவர் சொல்லி வந்ததா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பதில், ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்

அம்மா, இருபத்தெட்டு வருடம் சாட்சிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்தவன் நான். உங்களுக்கு நடந்தது வாரத்துக்கு நாலு பேருக்கு நடக்கும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். சாட்சி "ஆமாம்" என்று ஒரு வார்த்தைதான் சொல்வார். பதிவாகும்போது "சம்பவ இடத்தில் போதிய வெளிச்சம் இல்லை என்றால் சரிதான்" என்று ஆகிவிடும். மறுத்தால் "நான் பொய்சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல". கொலை மாதிரிப் பெரிய குற்றங்களை விசாரிக்கும் செஷன்ஸ் வழக்குகளில் சாட்சியத்தைப் பொதுவாகத் தொடர்ச்சியான விவரிப்பாகத்தான் எழுத வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவே சொல்லியது. கேள்வி பதிலாகவும் எழுதலாம், அது நீதிபதியின் விருப்பம். ஆகவே வக்கீல் கோர்த்த வாக்கியம் முழுசாகச் சாட்சியின் வாக்கியமாகக் காகிதத்தில் ஏறும். அப்பீலில் அதைப் படிப்பவருக்கு அந்தக் குரலும் தயக்கமும் எங்கே தெரியப் போகிறது?

ஒரு கொலை வழக்கில் எழுபது வயசுப் பெரியவர், ஆடு மேய்ப்பவர். வக்கீல் நீளமாகக் கேட்கக் கேட்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது "கேட்டுட்டு இருக்கேன்" என்கிற ஆட்டல், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பழக்கம். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நானும் அடித்துவிட்டேன். முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. வாசித்தால் பெரியவர், "ஐயா, இந்தப் பேச்செல்லாம் நான் பேசலையே" என்கிறார். எல்லாரும் அவசரத்தில் இருந்த நேரம். அந்த நீதிபதி மட்டும் பேனாவை வைத்துவிட்டு, அந்தக் கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்து, தானே மறுபடி கேட்டார். பதில் வேறாக வந்தது. என் சர்வீஸில் நான் மறக்காத நாள் அது. எல்லா நாளும் அப்படி வாசித்துக் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதில், பல்லடம் பக்கம்

என் அம்மா சொத்து வழக்கில் சாட்சி. மூட்டு வலிக்காரர், கூண்டில் நின்றால் வலி தாங்காமல் எதையாவது சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் இருந்ததாம். நீதிபதி கவனித்து நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் கேட்டும் ஒரு வார்த்தை மாறவில்லை.

பதில், ஜூனியர் வக்கீல், கிரிமினல் பக்கம்

டீச்சர், நான் அந்தப் பக்கத்தில் நிற்பவள். குறுக்கு விசாரணையில் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கச் சட்டமே அனுமதிக்கிறது, சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணையில்தான் அதற்குத் தடை. என் சீனியர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சாட்சி பதில் சொல்லி முடித்ததும் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டு சும்மா இருப்பார். அந்த அமைதி தாங்காமல் சாட்சியே இன்னும் ரெண்டு விவரம் சேர்ப்பார், அதுதான் போலீஸ் வாக்குமூலத்தில் இருக்காது.

1983இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. முழுக்க உண்மை பேசும் சாட்சியும் கோர்ட்டின் சூழலில் மிரண்டு, கேள்விகளின் பதற்றத்தில் விவரங்களைக் குழப்பலாம், முட்டாளாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பயத்தில் கற்பனையால் இட்டு நிரப்பலாம், அதனால் சின்ன முரண்பாடுகளுக்குப் பெரிய முக்கியத்துவம் தரக்கூடாது என்று. நான் எதிர்த்தரப்பில் நின்றாலும் அந்தத் தீர்ப்பு மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு வழிப்பறி வழக்கில் எங்கள் கட்சிக்காரர் பத்தொன்பது வயசுப் பையன். நகையைப் பறிகொடுத்த அம்மா, "இவன்தான், நூறு சதம் இவன்தான்" என்றார். பொய் சொல்லும் ஆள் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது, அதுதான் எங்களுக்குப் பயமே. சீனியர் ரொம்பப் பணிவாக ஒன்றே ஒன்று கேட்டார்: "ஜெயில்ல அடையாள அணிவகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல போட்டோ ஏதும் காட்டினாங்களாம்மா?" "காட்டினாங்களே, இந்தப் பையன் போட்டோதான்" என்றார் அவர். சம்பவத்தின்போது பார்த்த முகமா, போட்டோவில் பார்த்த முகமா என்று அவருக்கே தெரியாமல் கலந்துபோயிருந்தது. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் பையன் கதி என்ன?

நினைவு மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். 1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் மோதும் படம் போட்டுக் காட்டினார்கள். "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்" என்று கேட்டவர்களிடம் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்று பதில், "தொட்டபோது" என்று கேட்டவர்களிடம் 31.8. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்கிய" கூட்டத்தில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், "மோதிய" கூட்டத்தில் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஒரு வார்த்தை, ஒரு வாரம், அவ்வளவுதான். உங்களுக்கு நடுவில் ஓடியது மூன்று வருடம்.

ஒரு விஷயம் கேட்கிறேன், அந்தக் குடும்பம் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயம் போயிருக்கிறார்களா? கிரிமினலில் விடுதலை ஆனால் அதுவும் போச்சு என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள்.

மறுபடியும் நான், டீச்சர்

போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் வாய்தா. நீங்கள் எழுதியதைப் படித்த அன்றைக்கு ராத்திரியே இறந்தவரின் மனைவிக்குப் போன் போட்டு, நான் வருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்று கேட்டார்.

போலீஸில் அன்றைக்குச் சொன்னதன் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். போன தடவை "ஆமாம்" என்றீர்களே என்று கேட்பார்கள், அதற்கும் நடந்ததை அப்படியே சொல்லிவிடப் போகிறேன். தட்டச்சர் ஐயா, வாசித்துக் காட்டச் சொல்லி நானே கேட்கலாமா? கேட்டால் கோபிப்பார்களா?

பதில், ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்

கேளுங்கம்மா. நீதிபதியைப் பார்த்து, "ஐயா, ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று நிதானமாகக் கேளுங்கள். வக்கீலைப் பார்த்துக் கேட்காதீர்கள்.