13 அணிகளுக்கு ஆடிய இஷ் ஸ்மித்: டென்-டே, வேவர்ஸ், மினிமம் சம்பளக் கணக்கு

கேள்வி | கார்னர்த்ரீ

அமெரிக்க பேஸ்கெட்பால் லீக்கான என்பிஏவில் 13 அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனை இஷ் ஸ்மித்திடம் இருக்கிறது. அவருக்கு முன் சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் நால்வரும் 12-இல் நின்றவர்கள். ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். இஷ் ஸ்மித்தை 2010-இல் யாருமே எடுக்கவில்லை. இருவரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள் என்றால் திறமையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. ஜனவரி முதல் வாரத்தில் அணிகள் ஏன் வரிசையாக ஆட்களைக் கழற்றிவிடுகின்றன? டென்-டே என்னும் பத்து நாள் ஒப்பந்தத்தில் கையில் என்ன வரும்? வெளிநாட்டு கிளப்புக்குப் போனால் சம்பளம் இழுத்தடிப்பார்கள் என்கிறார்களே, அதற்கு என்ன பாதுகாப்பு?

பதில் | பிக்அண்ட்ரோல்

ஜனவரி 10-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் விளங்கிவிடும். அன்றைக்கு ரோஸ்டரில், அதாவது அணியின் வீரர் பட்டியலில், இருப்பவருடைய சம்பளம் சீசன் முழுமைக்கும் உறுதியாகிவிடுகிறது. கழற்றிவிடப்படுபவர் 48 மணி நேரம் வேவர்ஸ் என்ற காத்திருப்பில் இருக்க வேண்டும். அதற்குள் வேறு அணி விரும்பினால் அவருடைய ஒப்பந்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்த 48 மணி நேரமும் 10-க்கு முன் முடிய வேண்டும் என்பதால் 7-ஆம் தேதிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அதுவரை இருந்த நாட்களுக்குத்தான் சம்பளம்.

டென்-டே ஜனவரி 5-இல் திறக்கிறது, அதனால் காலியான இடத்தை உடனே மலிவாக நிரப்பலாம். கணக்கு இதுதான்: அவருடைய அனுபவத்துக்குரிய மினிமம் சம்பளத்தை சீசனின் 174 நாட்களால் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள். 2023-24-இல் புதுமுகத்துக்கு 64,343 டாலர், இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு 1,16,075 டாலர். பத்து நாளில் மூன்று ஆட்டம் வராவிட்டால் மூன்றாவது ஆட்டம் முடியும்வரை ஒப்பந்தம் நீளும். ஒரே அணியில் ஒரு சீசனுக்கு இரண்டு டென்-டே மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் வருவதும் இங்கேதான். ஜனவரியில் எடுத்த ஆளுடைய இரண்டாவது டென்-டே முடியும்போது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான பிப்ரவரி டிரேட் கெடு நெருங்கியிருக்கும். ஒரு ஆளைக் கொடுத்து இரண்டு பேரை வாங்கும் வாய்ப்பு வந்தால் ரோஸ்டரின் கடைசியான 15-ஆவது இடம் காலியாக இருக்க வேண்டுமே. அதற்காகவே, நன்றாக ஆடியவரைக்கூட அனுப்பிவிடுவார்கள். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. டென்-டே நீடிக்கவில்லை என்றதும் "ஆட்டம் சரியில்லை" என்று எழுதுபவர்கள் அந்த அணியின் ரோஸ்டர் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும்.

பதில் | சிக்ஸ்த்மேன்

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஊர் ஊராக மாறுவதற்கு இதுதான் பெரிய காரணம். மினிமம் சம்பளம் அனுபவத்தோடு ஏறுகிறது. 2023-24-இல் பத்து ஆண்டுக்கு மேல் ஆடியவருக்கு 31.96 லட்சம் டாலர், இரண்டு ஆண்டு ஆளுக்கு 20.2 லட்சம். அப்படியே விட்டால் மூத்தவரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால், ஓராண்டு மினிமம் ஒப்பந்தத்தில் அணி 20.2 லட்சத்தை மட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தை லீக் கொடுத்துவிடும். சம்பள வரம்பிலும் அந்தச் சின்னத் தொகைதான் ஏறும். ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டால் இந்தச் சலுகை கிடையாது. ஆக மூத்த வீரர் வேலையில் இருப்பதற்குக் காரணமான விதியே அவரை வருடா வருடம் புது அணி தேட வைக்கிறது.

இஷ் ஸ்மித்தின் பாதையைப் பாருங்கள். 2010-இல் ஹூஸ்டனில் சேர்ந்தார். 2011 பிப்ரவரியில் ஷேன் பேட்டியரோடு மெம்பிஸுக்குப் போனார். 2013-இல் ஜே.ஜே. ரெடிக்கோடு ஆர்லாண்டோவிலிருந்து மில்வாக்கிக்கு. பெரிய பெயர் ஒன்று டிரேட் ஆகும்போது கூடவே போகிற சின்னச் சம்பளம் அவருடையது. 2015 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கதை மாறியது. 1-30 (ஒரு வெற்றி, 30 தோல்வி) என்று கிடந்த ஃபிலடெல்ஃபியா, பந்தைக் கொண்டுபோக ஆளில்லாமல், டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஆளெடுக்கும் உரிமைகள் இரண்டைக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே 50 ஆட்டம், சராசரி 14.7 புள்ளி, 7 அசிஸ்ட். அந்தக் கோடையிலேயே டெட்ராய்ட் மூன்று ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. மோசமான அணியில் கிடைக்கும் நிமிடங்களைக் குறைத்து எடைபோடக் கூடாது. 2022-23-இல் 13-ஆவது அணியான டென்வரில் சாம்பியன் மோதிரமும் கிடைத்தது.

இப்படிப்பட்டவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதற்கு ஆட்டத்தில் ஒரு காரணம் உண்டு. வந்து சேர்பவர் முதலில் டிஃபென்ஸைத்தான் படிக்க வேண்டும். பந்து வைத்திருப்பவருக்குச் சக வீரர் மறைப்பு நின்று கூடைப் பக்கம் நகரும் பிக்-அண்ட்-ரோலுக்கு எதிராக இந்த அணி டிராப் (பெரிய ஆள் பின்வாங்கி நிற்பது) ஆடுகிறதா, ஐஸ் (பந்தை நடுவே விடாமல் ஓரம் தள்ளுவது) ஆடுகிறதா, பிளிட்ஸ் (இருவர் சேர்ந்து மறிப்பது) ஆடுகிறதா, அதற்கு எந்தச் சொல்லைக் கத்துகிறார்கள் என்பது அன்று மாலை ஆட்டத்துக்குள் வாயில் வர வேண்டும், ஏனென்றால் ஒரே கவரேஜுக்கு, அதாவது தடுப்பு முறைக்கு, அணிக்கு அணி வேறு பெயர். அடுத்து டைம்-அவுட்டுக்குப் பிறகான இரண்டு மூன்று செட் (முன்கூட்டித் திட்டமிட்ட நகர்வு), பேஸ்லைனிலிருந்து பந்தை உள்ளே போடும் செட். இரண்டு பெரிய ஆட்கள் ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனையிலும் நிற்கும் ஹார்ன்ஸ் அமைப்பு எல்லா இடத்திலும் உண்டு, அதிலிருந்து பிரியும் வழிதான் மாறும். ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு என்றால் ஐந்து இடமும் தெரிந்திருக்க வேண்டும். சீசன் நடுவில் முழுப் பயிற்சி அபூர்வம் என்பதால் ஆட்ட நாளின் லேசான பயிற்சியான ஷூட்-அரவுண்டிலும் வீடியோவிலும்தான் இதெல்லாம் நடக்கும். கவரேஜில் ஒருமுறை தடுமாறினால் கோச் உடனே பெஞ்சுக்கு அழைத்துவிடுவார், பிறகு அந்த டென்-டேயில் நிமிடம் கிடைப்பது கஷ்டம்.

பதில் | ஜெனீவா24

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை என்பிஏவைப் போல ஒரே அச்சில் வராது, ஒவ்வொரு வரியும் பேசி வாங்க வேண்டியது. தொகை வரி போக நிகரமா? வீடு, கார், விமான டிக்கெட் யார் பொறுப்பு? மெடிக்கல் டெஸ்ட் வந்திறங்கிய எத்தனை நாளுக்குள்? இதற்குக் கெடு எழுதாவிட்டால் இரண்டு ஆட்டம் ஆடவைத்துப் பார்த்துவிட்டு "முழங்கால் சரியில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்.

சம்பளம் தாமதமானால் எத்தனை நாள் கழித்துப் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம், எத்தனை நாள் கழித்து முழுத் தொகையையும் கோரி வெளியேறலாம் என்பது நாள் கணக்கோடு இருக்க வேண்டும். மிக முக்கியமாக, தகராறு, சர்வதேச பேஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபாவின் பேஸ்கெட்பால் நடுவர் மன்றத்துக்குப் போகும் என்ற பிரிவு. ஜெனீவாவை இருக்கையாகக் கொண்ட பிஏடி அதுதான். அந்த வரி இல்லாவிட்டால் உள்ளூர் நீதிமன்றத்தில் அலைய வேண்டியதுதான். வரி இருந்தால் பொதுவாக ஒரே நடுவர், ஆங்கிலத்தில் விசாரணை. தீர்ப்புப் பணத்தைக் கொடுக்காத கிளப் புது வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். ஆனால் கிளப்பே திவாலாகிவிட்டால் தீர்ப்புத் தாள்தான் மிஞ்சும், அதனால் கையெழுத்துக்கு முன் அந்தக் கிளப் மேல் பழைய பிஏடி தீர்ப்புகள் உண்டா என்று தேடிப் பார்ப்பது ஏஜெண்டின் கடமை.

இன்னொன்று, நாடு விட்டு நாடு மாற லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் என்ற விடுவிப்புக் கடிதம் வேண்டும். என்பிஏ அழைத்தால் விடுவிக்கும் பிரிவை ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால், ஜனவரியில் டென்-டே வாய்ப்பு வந்தும் கிளப் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கார்னர்த்ரீ

தெளிவாகிவிட்டது, நன்றி. அப்படியானால் அழைப்புக்குக் காத்திருப்பவர் என்பிஏவின் இரண்டாம் நிலை லீக்கான ஜி லீக்கிலேயே இருப்பது நல்லதா?

பிக்அண்ட்ரோல்

காசைப் பார்த்தால் இல்லை. ஜி லீக் சம்பளம் 2024-25-இல் சீசனுக்கு 43,000 டாலர்தான். சீசனுக்கு முந்தைய பயிற்சி கேம்ப்புக்கு எக்ஸிபிட் 10 என்ற உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தில் போய், கழற்றிவிடப்பட்ட பின் அதே அமைப்பின் ஜி லீக் அணியில் 60 நாள் இருந்தால் போனஸ் உண்டு. என்பிஏ, ஜி லீக் இரண்டிலும் ஆடும் டூ-வே ஒப்பந்தம் கிடைத்தால் நிலைமையே வேறு: 2023-24-இல் சுமார் 5.6 லட்சம் டாலர். ஆனால் 50 ஆட்டம்தான் என்பிஏ அணியோடு இருக்கலாம், முழு ஒப்பந்தமாக மாற்றினால் தவிர, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று கிடையாது.

இரண்டு சீசன் என்பிஏ அனுபவம் உள்ளவர் மூன்றாவதைத் தேடுகிறார் என்றால் ஜி லீக்கில் இருப்பது நியாயம். மூன்று சீசன் முடித்தால் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். 30-ஐத் தாண்டி, அந்த மூன்றும் ஏற்கெனவே கையில் இருந்தால், விடுவிப்புப் பிரிவோடு வெளிநாட்டு ஒப்பந்தம்தான் மேல். ஒரு தேதியை மட்டும் மறக்க வேண்டாம்: மார்ச் 1-க்குப் பிறகு ஒரு என்பிஏ அணி கழற்றிவிட்டால் அந்த ஆண்டு வேறு அணிக்கு பிளேஆஃப் ஆட முடியாது. நிமிடமே கிடைக்காமல் பெஞ்சில் இருப்பவருடைய ஏஜெண்ட் பிப்ரவரி கடைசி வாரத்திலேயே விடுவிக்கச் சொல்லிக் கேட்பது அதனால்தான்.