பயோசர்ஃபாக்டண்டுக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

ஈசூன், செவ்வாய் ராத்திரி 11.40

எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு சொல் வேணும். இங்க சிங்கப்பூர்ல எங்க புளோக் கீழ சமூகத் தோட்டத்துல மண்ணைப் பத்தி நாலு மொழியில பலகை வைக்கிறாங்க, தமிழ் என் தலையில விழுந்துருச்சு, வெள்ளி சாயங்காலம் 5 மணிக்கு அச்சுக்குப் போகுது. விஷயம் இதான்: மண்ணுல இருக்குற சில பாக்டீரியா சோப்பு மாதிரி ஒரு பொருளைத் தானே செஞ்சு வெளிய விடுது, எண்ணெய் மாதிரி தண்ணியில கரையாததைச் சின்னச் சின்னத் துளியா உடைச்சுத் தின்ன. மலாய் எழுதுறவர் 'பயோசர்ஃபாக்டான்'னு போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு, சீனத்துல ஏழே எழுத்து. நான் எழுதி வச்சது 'உயிரிப் புறப்பரப்பு இழுவிசைக் குறைப்புக் காரணி'. டிசைன் பண்ற பொண்ணு, ஆன்ட்டி இது தலைப்பா இல்ல பத்தியான்னு கேக்குது.

தெம்பனிஸ், புதன் காலை 6.10

அம்மா, பரப்பு இழுவிசைன்னு பாடநூல்லயே இருக்கு, 'புற' எதுக்கு? காரணியும் வேண்டாம். வினையோட இகரம் சேத்தா செய்றதோட பேர் வந்துரும். ஊக்கு ஊக்கி ஆச்சு, கொல் கொல்லி ஆச்சு, கடல்ல ஓடுறவன் கடலோடி. தண்ணியோட மேல்தோல் இறுகி நிக்குது, அதை இளக்குறது பரப்பிளக்கி. உயிர் செய்றதால உயிர்ப் பரப்பிளக்கி. நாற்பது வருஷம் இலக்கணம் நடத்துன கையால சொல்றேன், இதுல ஒட்டு வேலை இல்ல.

பொங்கோல், புதன் காலை 7.30

ஐயா கோவிச்சுக்காதீங்க, இளக்கின்னதும் எங்க அத்தைக்கு மலமிளக்கிதான் ஞாபகம் வரும், பலகை வேற கீரைப் பாத்திக்குப் பக்கத்துல நிக்கப் போகுது. பரப்புச் செயலின்னும் சில பேர் எழுதுறாங்க. ஆனா என் டியூஷன் பிள்ளைங்களுக்குச் செயலின்னா ஆப்தான், ஃபோனை எடுத்து எங்க டவுன்லோட் பண்றதுன்னு கேக்கும்.

ஜூரோங், புதன் மதியம் 1.05

அக்கா, நான் லேப்ல டெக்னீஷியன், இந்த பாக்டீரியாவோட தினமும் மல்லுக்கட்டுறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். மண்ணுல சர்வ சாதாரணமா இருக்குறது பேசில்லஸ் சப்டிலிஸ், ஜப்பான்காரங்க சோயாவைப் புளிக்க வச்சு நாட்டோ செய்றதும் இதே இனம்தான். அது செய்ற சோப்பு மாதிரிப் பொருள் சர்ஃபாக்டின், 1968ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க. தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், சர்ஃபாக்டின் துளியூண்டு போட்டா 27க்கு இறங்கிடும். ஏழு அமினோ அமிலம் ஒரு கொழுப்பு அமிலத்தோட சேந்து வளையமா நிக்கும், வளையம் தண்ணியைத் தேடும், கொழுப்பு வால் எண்ணெயைத் தேடும், அவ்ளோதான் சூட்சுமம். சூடோமோனாஸ்னு இன்னொரு பாக்டீரியா செய்றது ராம்னோலிப்பிட், அதுல தலை சர்க்கரை. சோதனை சுலபம்: தட்டுல தண்ணி, மேல மெல்லிசா எண்ணெய், நடுவுல பாக்டீரியா வளந்த திரவம் ஒரு சொட்டு. எண்ணெய் அப்டியே விலகி ஓரத்துக்கு ஓடும், நடுவுல வட்டமா தண்ணி பளிச்சுனு தெரியும். வட்டம் பெருசுன்னா சரக்கு நிறைய. பெருசா வளக்கும்போதுதான் தொல்லை, காத்து ஊத ஊத நுரை பொங்கி மேல இருக்குற ஃபில்டரை நனைச்சுரும், போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் மாப்பு போட்டேன். ஒரு வசதி, அந்த நுரையிலேயே சர்ஃபாக்டின் சேந்து வரும், நுரையை வழிச்சே பொருளை எடுக்குறவங்களும் உண்டு. அதனால என் ஓட்டு 'நுரைமி'. ஆனா எல்லா வகையும் நுரைக்காது, அதையும் சொல்லிடுறேன்.

சிராங்கூன் ரோடு, புதன் ராத்திரி 9.15

ஏன் எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க, சோப்புக்கு வீட்டுல சொல்ற சொல் இருக்கே, சவுக்காரம். நுண்ணுயிர்ச் சவுக்காரம், முடிஞ்சது லா. எங்க தாத்தா சலவைத் தொழில். ஊர்ல உவர்மண்ணுல துணியை நனைச்சு வெள்ளாவி வச்சவங்க இங்க வந்து கட்டிச் சவுக்காரத்துக்கு மாறுனாங்க. டோபி காட் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பேர் எங்கிருந்து வந்துச்சு? அங்க ஓடுன ஓடையில இந்தியச் சலவைக்காரங்க துணி தொவச்சதாலதான். மலாய்க்காரங்க இன்னைக்கும் லாண்டரிக்கு டோபின்னுதான் சொல்றாங்க. அழுக்கு எடுக்குற வித்தை மண்ணுல இருந்து வந்ததுன்னு எங்க ஆளுங்களுக்கு அப்பவே தெரியும்.

தெம்பனிஸ், புதன் ராத்திரி 10.02

உவர்மண்ணுக்கு மகிழ்ச்சி. ஆனா சவுக்காரத்துல இருக்குற காரம் வடமொழி க்ஷாரம். அறிவியலுக்குப் புதுசா ஒரு சொல் செய்யும்போது தெரிஞ்சே ஏன் அங்க போகணும்? செம்புலப் பெயல்நீர்னு மண்ணும் தண்ணியும் கலக்குறதை மூணு சொல்லுல சொன்ன மொழி இது.

சிராங்கூன் ரோடு, புதன் ராத்திரி 10.40

காரம் வடமொழின்னு யாரு சொன்னா? கரி, கருகு, கார், காரம். எரிச்ச சாம்பல்ல கிடைக்கிறது காரம், நாக்கு எரிஞ்சாலும் காரம். சவர் இருக்கே, அது உவரோட தம்பி. சவரும் காரமும் சேந்தா சவர்க்காரம், யாழ்ப்பாணத்துக்காரங்க இன்னமும் அப்டித்தான் சொல்றாங்க.

பொங்கோல், வியாழன் காலை 7.20

இப்டியே போனா ராம்னோலிப்பிட்ல ராமன் வந்துருவாரு.

ஜூரோங், வியாழன் காலை 8.00

வரமாட்டாரு, ராம்னஸ்னு ஒரு புதர்ச்செடி, அந்தச் சர்க்கரைக்கு அதோட பேர்ல இருந்து வந்ததுதான் ராம்னோஸ். ஆனா அண்ணே, சவுக்காரம் வேதியியல்ல தப்பு. சவுக்காரம்னா கொழுப்பு அமிலத்தோட உப்பு, சர்ஃபாக்டின் அது இல்ல. நாளைக்கு ஒரு ஜேசி பிள்ளை, அதான் ஜூனியர் காலேஜ் பிள்ளை, பாத்துட்டு, பாக்டீரியா காஸ்டிக் சோடா போட்டுக் காய்ச்சுதான்னு கேட்டா என்ன சொல்வீங்க?

பொங்கோல், வியாழன் காலை 8.25

தம்பி, பலகை ஜேசி பிள்ளைக்கு இல்ல, காலையில தண்ணி ஊத்த வர்ற பாட்டிக்கு. 2024 ஜூன்ல பாசிர் பாஞ்சாங்ல 400 டன் எண்ணெய் கடல்ல கொட்டுச்சே, செந்தோசா கடற்கரையெல்லாம் கறுப்பாச்சே, அப்போ என்னமோ மருந்து தெளிச்சாங்கன்னு பிள்ளைங்க கேட்டுச்சு. எண்ணெய்ப் பாத்திரத்துல சோப்பு போட்டா என்ன ஆகும், அதான்னு சொன்னேன், ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது. தெளிச்சதுலயும் சர்ஃபாக்டண்ட்தானே? பரப்பிளக்கின்னு ஆரம்பிச்சிருந்தா மணி அடிச்சிருக்கும்.

ஜூரோங், வியாழன் காலை 8.31

சர்ஃபாக்டண்டும் அதைக் கரைக்கிற திரவமும். சரி அக்கா, பலகைக்கு மட்டும்னா ஓகே. என் ரிப்போர்ட்ல பயோசர்ஃபாக்டண்ட்னே போட்டுக்குறேன்.

ஈசூன், வெள்ளி மதியம் 3.50

ரொம்ப நன்றி எல்லாருக்கும். எண்ணிப் பாத்தேன், சவுக்காரத்துக்கு மூணு, பரப்பிளக்கிக்கு ஒண்ணு, நுரைமிக்கு முதல்ல சொன்ன தம்பியே இப்ப இல்ல. தலைப்புல 'நுண்ணுயிர்ச் சவுக்காரம்', கீழ சின்ன எழுத்துல 'சோப்பு போல வேலை செய்யும், ஆனால் சோப்பு அல்ல'ன்னு போட்டுருக்கேன். மனசுக்கு முழு திருப்தி இல்ல, பெட்டியில அடங்குது. அனுப்பப் போறேன்.

தெம்பனிஸ், வெள்ளி மாலை 4.20

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுறேன், ஒத்துக்கிட்டேன்னு யாரும் எழுதிடாதீங்க. பரப்பிளக்கி என் நோட்டுல இருக்கும். டிசைன் பண்ற பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடுங்கம்மா, நுண்ணுயிர்ச் சவுக்காரத்துல ச் மிகும். இடம் பத்தலைன்னு அதை எடுத்துடப் போகுது.

ஈசூன், வெள்ளி மாலை 4.41

ஐயா, எடுத்துருச்சு. ஃபோன் பண்றேன் இருங்க.