வீல்சேருக்கு எந்த குஷன் நல்லது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. நாள் முழுக்க வீல்சேரில்தான் இருப்பார். இப்போது உட்காரும் எலும்புக்கு நேராகத் தோல் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தினாலும் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் இதுதான் என்றார் மருத்துவர். சிவப்பு மறையும் வரை அந்த இடத்தில் பாரம் விழக்கூடாதாம். அதனால் இப்போதைக்குப் படுக்கைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறோம்.

மறுபடி உட்காரும்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பழைய ஃபோம் குஷன் அமுங்கித் தட்டையாகிவிட்டது. காற்று அறைகள் உள்ளதை வாங்கலாமா, ஜெல்லா? காற்று குஷன் அழுத்தத்தை நன்றாகப் பரப்பும், ஆனால் காற்று கூடினாலும் குறைந்தாலும் பயனில்லை, தினமும் பார்க்க வேண்டும். ஜெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கனம். வீல்சேரைத் தூக்கி வண்டியில் வைப்பது நான்தான், என் முதுகையும் பார்க்க வேண்டுமே! (நடுவில் ஓட்டை உள்ள வளைய குஷனை யாரும் சொல்ல வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.)

இன்னொன்று. புதிதாக அடிபட்டவர்களுக்கு அண்ணன் போனில் தைரியம் சொல்வார். பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் சாய்ந்து பாரத்தை மாற்ற வேண்டும் என்பதும் மறந்துவிடும். அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார். பேச்சைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. அப்புறம் எப்படித்தான் நினைவூட்டுவது? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?