வெள்ளோட்டம் பார்க்காமல் திட்டத்தை இறக்கலாமா?

நடுப்பக்கம்:
திட்டம் தேறியதா என்பதை அதைத் தொடங்கியவர்களே பிறகு சாவகாசமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதை எட்டினால் வெற்றி, எட்டாவிட்டால் எப்போது நிறுத்துவோம் என்பதை முதல் அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் நெரிசல் கட்டணத்தை, அதாவது நகர மையத்துக்கு வந்துபோகும் வாகனங்களுக்கான கட்டணத்தை, ஏழே மாதத்துக்கு வெள்ளோட்டம் விட்டார்கள். நகர மையத்துக்கு வந்துபோகும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. கட்டணத்தை எடுத்ததும் நெரிசல் திரும்பியது. செப்டம்பரில் வாக்கெடுப்பு, முதலில் முணுமுணுத்த ஊரே ஆதரித்தது.

எதிர்க்காற்று:
பாதிக் கதை. சுற்றியிருந்த நகராட்சிகள் பலவும் வாக்கெடுப்பு நடத்தின, அங்கே மொத்தத்தில் ‘வேண்டாம்’தான் ஜெயித்தது. தினமும் உள்ளே வந்து கட்டணம் கட்டுபவர்களில் பலர் அவர்கள்தானே? இன்னொன்று, பசிக்கு வெள்ளோட்டம் விடுவீர்களா? பாதி ஊருக்குச் சோறு போட்டு மீதி ஊரை வேடிக்கை பார்க்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நடுப்பக்கம்:
சுற்றுப்புற விஷயம் சரி, விட்டுவிட்டேன். சோற்றுக்கு வருவோம். மெக்சிகோ 1997-ல் ‘புரோகிரேசா’ தொடங்கியது: பிள்ளை பள்ளிக்குப் போனால், சுகாதார நிலையத்துக்கு வந்தால், குடும்பத்துக்குப் பணம். ஒரே நாளில் நாடு முழுக்கக் கொடுக்க வழியில்லை. யாரோ காத்திருக்கத்தான் வேண்டும் என்ற நிலையில், ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்கு முதலில், 186-க்குப் பிறகு என்று குலுக்கலில் பிரித்தார்கள். பள்ளிச் சேர்க்கை கூடியது கையில் ஆதாரமாக இருந்ததால், 2000-ல் ஆட்சி மாறியும் திட்டம் பெயர் மாறித் தொடர்ந்தது. அதே நாட்டில் 1989-ல் ஒவ்வொரு காரையும் வாரத்தில் ஒரு நாள் எடுக்கக் கூடாது என்று தலைநகரில் விதி வந்தது. பலர் இரண்டாவது கார் வாங்கிக்கொண்டார்கள்!

முன்னாள் எழுத்தர்:
நடுவில் வருகிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ‘இன்று எத்தனை விண்ணப்பம் முடித்தீர்கள்’ என்று தினமும் கேட்பார்கள். முடித்தோம். எப்படி? ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தால் போதும், திருப்பி அனுப்பிவிடுவோம். கணக்கில் அதுவும் ‘முடிந்தது’தான். அறிக்கை பளபளவென்று இருக்கும். அதே ஆள் மூன்றாவது தடவையாக வரிசையில் நிற்பார். நீங்கள் சொல்கிற இலக்கை அரசாணையில் எழுதினாலும் எங்களைப் போன்றவர்கள் இதைத்தான் செய்வோம்.

எதிர்க்காற்று:
இதைத்தான் சொல்ல வந்தேன். எண்ணை எழுதி வைத்தால் அந்த எண்தான் வளரும்.

நடுப்பக்கம்:
அப்படியானால் விண்ணப்பத்தை விட்டுவிட்டு ஆளை எண்ணுங்கள். ஓர் ஆளுக்கு முதல் நாளிலிருந்து கையில் கிடைக்கும்வரை எத்தனை நாள், எத்தனை நடை? எண்ணுவதும் அந்த அலுவலகமாக இருக்கக் கூடாது. தணிக்கைத் துறை மாதிரி வெளியாள் பார்த்து, அறிக்கையை அமைச்சருக்குப் போகும் அதே நாளில் எல்லோருக்கும் வெளியிட வேண்டும்.

முன்னாள் எழுத்தர்:
நடையை எண்ணினால் எங்களுக்குத் திண்டாட்டம்தான். அது நடக்கட்டும்.

எதிர்க்காற்று:
சரி, நடையை எண்ணுவதற்கு நானும் சம்மதம். பணம் இருந்தும் வெள்ளோட்டத்துக்காக மக்களைக் காக்க வைப்பதற்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை.