மழையே இல்லை, சீலிங்கால தண்ணி சொட்டுது: உங்கட வீட்டிலயும் நடந்ததோ?

கொக்குவில் மருமகள்:
தகரச் சீற், கீழ பலகைச் சீலிங். மாரி முடிஞ்சு வானம் வெளிச்ச பிறகுதான் இது துவங்கினது. விடியப்புறம் மாமி சாமியறையில விளக்குக் கொளுத்தேக்க, பலகை மூட்டில ஒரு துளி தொங்கிப் பெருத்து, நேர திரியில விழுந்து நூந்துபோச்சு. மாமி அப்பிடியே நிண்டா. அண்டையில இருந்து அபசகுனம் எண்டு மனம் குழம்பிப்போய் இருக்கிறா. மேசன் ஏறி ஆணி ஓட்டையெல்லாம் அடைச்சார், பிறகும் சொட்டினது. நான் ரோச்சோட சீலிங் மூடியைத் தூக்கிப் பார்த்தன். சீற்றின்ர அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாத் தண்ணி, ஆணியெல்லாம் கறள்.

சுன்னாகத்தான்:
அக்கா, மாமியிட்ட சொல்லுங்கோ, அது சகுனமில்லை, பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் எண்டு அவவுக்கும் தெரிஞ்சிருக்கும். முகில் இல்லாத இரவில தகரம் தன்ர சூட்டை வானத்துக்கு விட்டிட்டு, சுத்தியிருக்கிற காத்தை விடக் குளிர்ந்திடும். காத்து 24 பாகை, ஈரப்பதன் 90 வீதம் எண்டால், தகரம் 22 பாகைக்கு இறங்கினாலே அதில நீர் பிடிக்கும். எங்கட பழைய ஓட்டு வீட்டில சீலிங்கும் இல்லை, சொட்டினதும் இல்லை. ஓடு கொஞ்ச ஈரத்தைக் குடிச்சிட்டு வெயிலுக்குக் காய்ஞ்சிடும்.

ஈஸ்ற்ஹாம் தம்பி:
லண்டனில லொஃப்டுக்குள்ள (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில இருக்கிற பரண்) அம்மாவின்ர கூறைச்சேலைப் பெட்டியை வச்சிருந்தம். திறந்தால் சரிகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அம்மா சேலையை மடியில வச்சுத் தடவிக்கொண்டே இருந்தா, ஒண்டும் கதைக்கேல்லை. பாத்றூம் ஃபானின்ர குழாயை வெளியால விடாமல் லொஃப்டுக்குள்ளயே விட்டிருக்கிறாங்கள்.
எல்லாரும் கவனியுங்கோ: குழாய் கூரைக்கு வெளியில போகவேணும். சீலிங் மேல 270 மில்லிமீற்றர் தடிப்பில சூடு காக்கிற பஞ்சு போடுங்கோ, ஆனால் தாவாரம் வரைக்கும் அடைச்சுப் போடாதேங்கோ. சரிவுக் கூரை எண்டால் தாவார நீளத்துக்குக் காத்துப் போக 10 மில்லிமீற்றர் இடைவெளி வேணும். லொஃப்டுக்கு ஏறுற மூடிக்கு விளிம்பில றப்பர் ஒட்டுங்கோ, வீட்டுச் சூட்டுக்காத்து அதாலதான் மேல ஏறுது. உடுப்பை லொஃப்டில வைக்காதேங்கோ. கொக்குவில் அக்கா, நீங்களும் பஞ்சுக்குக் கீழ பொலித்தீன் விரியுங்கோ.

சாவகச்சேரி:
தம்பி, சேலைக்கு மனவருத்தம். ஆனால் பொலித்தீன் கதையை இஞ்ச சொல்லாதேங்கோ! உங்களுக்கு ஈரம் வீட்டுக்குள்ள இருந்து மேல போகுது, எங்களுக்கு வெளியில இருந்து வருது. எங்கட ஏசி அறைக்கு நீங்கள் சொன்ன மாதிரித்தான் ஒருத்தர் செய்து தந்தவர். அறை குளிர, மேல இருக்கிற ஈரக்காத்து பஞ்சுக்குள்ளால இறங்கி, குளிர்ந்த பொலித்தீனில நீராகினது. பலகை வயிறு தள்ளின பிறகு பஞ்சைத் தூக்கிப் பிழிஞ்சன், முழங்கை வரைக்கும் தண்ணி வழிஞ்சது. அதுக்குள்ளதான் வயர் போகுது. கீழ பிள்ளையள் படுக்கிற கட்டில். இப்பவும் நினைச்சால் நெஞ்சு பதறுது.
தகரத்துக்குக் கீழ வெள்ளித்தாள் ஒட்டின ஃபோமைப் போட்டு மூட்டெல்லாம் நாடா ஒட்டுறதுதான் வழி. முகட்டில காத்துவழி விட்டால் பகலில காயும், ஆனால் அதை மட்டும் நம்பேலாது. இரவில வாற காத்தே ஈரம்.

கொக்குவில் மருமகள்:
எங்களுக்கு ஏசி இல்லை அண்ணை. சீற்றைக் கழட்டாமல் அடியால ஒட்டலாமோ?

சாவகச்சேரி:
ஒட்டலாம், ஆனால் இடுக்கு விட்டால் ஈரக்காத்து பின்னுக்குப் போய்த் திரும்பவும் சொட்டும். வரிசை வரிசையாச் சீற்றைத் தூக்கி, ஃபோமை விரிச்சிட்டுத் திரும்ப அடிக்கிறதுதான் திறம். பங்குனி சித்திரையில, கூரை மரமெல்லாம் காய்ஞ்ச பிறகு செய்விக்கச் சொல்லுங்கோ.

சுன்னாகத்தான்:
அஸ்பெஸ்டஸ் சீற் வச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டுச் சுரண்டவோ துளைக்கவோ வெளிக்கிடாதேங்கோ. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது.