இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு லினக்ஸ் சரிப்படுமா?

கேள்வி – மண்டபத்திலிருந்து

மண்டபத்தில் இறாலும் நண்டும் ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம்தான் எனக்கென்று மிஞ்சுகிறது. ஆறாம் தலைமுறை ஐ5 செயலியும் ரேடியான் ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டும் உள்ள என் கணினியில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் செயலிகளின் பட்டியலில் என்னுடையது இல்லை. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறினால் அந்த ஒரு மணி நேரமும் பழுது பார்ப்பதிலேயே கரைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். பெரும்பாலும் விட்சர் 3, ஸ்டார்டியூ வேலி ஆகியவற்றை விளையாடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியுடன் வாலரண்ட் என்னும் இணையச் சுடும் விளையாட்டு.

பதில் 1 – கீழக்கரையிலிருந்து

தம்பி, முதலில் வாலரண்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதன் வேன்கார்டு என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அமர்ந்து வேலை செய்வது. லினக்ஸில் அதற்கு இடமே இல்லை என்பதால், எவ்வளவு முயன்றாலும் அது ஓடாது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய வேறு இரு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களும் 2021 முதல் லினக்ஸில் இயங்க வழி செய்திருந்தாலும், அனுமதிக்க வேண்டியவர்கள் அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்களே. அனுமதித்திருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்னும் விளையாட்டு 2024இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே இணையத்தில் பலர் கூடி மோதும் விளையாட்டே உங்களுக்கு முக்கியம் என்றால், மாற வேண்டாம் என்றே சொல்வேன்.

மற்ற இரண்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்டார்டியூ வேலிக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. விட்சர் 3ஐ, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் ஓட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கென எழுதப்பட்ட டைரக்ட்3டி என்னும் வரைகலைக் கட்டளைகளை லினக்ஸில் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருவதே அதன் முக்கியமான வேலை; வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் நிறுவு பொத்தானை அழுத்துவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. ரேடியான் கார்டுக்கு இயக்கி (டிரைவர்) தேடி அலைய வேண்டாம். அது இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. லினக்ஸின் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்டை நிறுவுங்கள். எந்த விளையாட்டையும் வாங்குமுன் புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்களின் அனுபவத்தைப் படித்துவிட்டால், உங்கள் இரவுகள் பல மிச்சமாகும்.

பதில் 2 – பாம்பனிலிருந்து

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பழைய விண்டோஸ் வட்டில் இருக்கும் விளையாட்டுகளை அப்படியே பயன்படுத்த எண்ணாதீர்கள். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில் புரோட்டான் அடிக்கடி தடுமாறும். காரணம் புரியாமல் நான் ஒரு வாரத்து இரவுகளை இதில் இழந்தேன். வேண்டியவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு, வட்டை லினக்ஸுக்குரிய எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நம் கரைக்கே உரிய செய்தி ஒன்றும் உண்டு. உப்புக்காற்று ரேம் என்னும் நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் படிந்து கணினி திடீரென உறைந்து நிற்கும்போது, புதிதாக மாறியவர்கள் பழியை லினக்ஸின் மேல் போட்டுவிட்டு மறுபடி விண்டோஸுக்கே போய்விடுகிறார்கள். ரேமைக் கழற்றி, தொடுமுனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

உறக்க நிலையில் கணினியை விட்டால் மறுநாள் நிறுத்திய இடத்திலேயே தொடரலாம். எனினும் இரவில் மின்சாரம் போனால் சேமிக்காத ஆட்டம் அழிந்துவிடும் என்பதால், முதலில் சேமியுங்கள். ஸ்டார்டியூவில் ஒரு நாள் முடிந்து உறங்கும்போதுதான் சேமிப்பு நிகழும். அந்த நாள் ஏறத்தாழ 14 நிமிடம்தான் என்பதால் இழப்பும் பெரிதன்று.

மீண்டும் – மண்டபத்திலிருந்து

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தம்பியின் கணினியிலேயே வைத்துக்கொள்கிறேன். காக்கா, மின்டை நிறுவியபின் புதுப்பிப்புகளை எப்போது ஓடவிடுவது நல்லது?

பதில் 1 – கீழக்கரையிலிருந்து

விளையாட உட்காரும்போது ஒருபோதும் வேண்டாம். வாரம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் முன் ஓடவிடுங்கள். டைம்ஷிப்ட் வசதியையும் முதல் நாளே இயக்கி வையுங்கள். புதுப்பிப்பால் ஏதேனும் கெட்டால், முந்தைய நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம்.